பர்கண்டிக்கு யார் கார் ஓட்டுவது

1978 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மாலை, மல்கிரேவில் சச்சிதானந்தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பிரான்ஸின் வரைபடம் விரிந்து கிடந்தது. மூலைகளை வைன் கிளாஸ்கள் அழுத்திப் பிடித்திருந்தன. சச்சிதானந்தன் சிவப்புப் பேனாவால் டிஜோனிலிருந்து தெற்கே, பர்கண்டியின் திராட்சைத் தோட்டங்கள் வழியே கோடு இழுத்துக்கொண்டிருந்தான். எதிரே அவனோடு வேலை செய்யும் சிறிதரனும் சிறிதரனின் மனைவி சிவனேஸ்வரியும் இருந்தார்கள்.

சச்சிதானந்தனின் மனைவி யோகராணி குசினியிலிருந்து ரோல்ஸ் தட்டோடு வந்தபோது, கணவன் தன் பெயரைச் சொல்வது காதில் விழுந்தது.

“ராணி கார் ஓடுவா. அவ குடிக்கிறேல்லைத்தானே. நாங்கள் தோட்டம் தோட்டமா இறங்கிக் குடிச்சுப் பாக்கலாம்.”

“அங்கை வலப்பக்கத்தாலை எல்லோ ஓட வேணும்?” என்றான் சிறிதரன்.

“பழகிடுவா.”

தட்டை வைக்கக் குனிந்தவளுக்கு வரைபடத்தில் தான் போட்ட பென்சில் வட்டம் தெரிந்தது. அதன்மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. லண்டனில் நர்ஸ் வேலை படித்த காலத்திலிருந்து அவள் பார்க்க ஆசைப்பட்ட ஊர் அது. ஏழை நோயாளிகளுக்காகப் பல நூற்றாண்டுக்கு முன் கட்டிய ஆஸ்பத்திரி அங்கே இருந்தது. திராட்சைத் தோட்டங்களின் வருமானத்தில் நடந்த ஆஸ்பத்திரி. பிரான்ஸுக்குப் போவோம் என்று முதலில் சொன்னதே அவள்தான்.

“இதை ஏன் வெட்டினனீங்கள்?”

“ஆஸ்பத்திரி பாக்கவோ பிரான்ஸுக்குப் போறது? நீர் தினமும் பாக்கிறதுதானே.”

சிறிதரன் சிரித்தான். யோகராணிக்குக் காது மடல் சுட்டது.

“நான் கார் ஓடுவன் எண்டு சொன்னியள். என்னைக் கேட்டனீங்களோ?”

“இதிலை கேக்க என்ன கிடக்கு?”

போன ஈஸ்டருக்கு பரோஸா திராட்சைத் தோட்டங்களுக்குப் போனபோதும் யாரும் கேட்கவில்லை. இவர்கள் மூவரும் உள்ளே வைன் சுவைத்துக்கொண்டிருக்க, அவள் வெயிலில் காருக்குள் இருந்தாள். திரும்பும் வழியில் சச்சிதானந்தன் பின் சீற்றில் வாந்தி எடுத்தான். துடைத்ததும் அவள்தான். ஒவ்வொரு விருந்து முடிந்தும் சிறிதரன் வீட்டாரைக் கொண்டுபோய் விடுவதும் அவள்தான்.

“குடிக்கிறேல்லை எண்டு நான் எப்ப சொன்னனான்?” என்றாள் யோகராணி. “ஒரு நாளாவது எனக்கு ஊத்தித் தந்தனீங்களோ? நான் குடிச்சால் உங்களை ஆர் வீட்டை கொண்டு வாறது எண்டுதானே தரேல்லை!”

“இஞ்சரும், ஆக்களுக்கு முன்னாலை…”

“ஆக்களுக்கு முன்னாலைதானே என்னை டிரைவராக்கினனீங்கள்!”

ஒரு கிளாஸை எடுத்துப் போத்தலைச் சரித்து ஊற்றினாள். நின்றபடியே குடித்தாள். புளிப்பும் துவர்ப்புமாய்த் தொண்டையில் இறங்கியது. பிடிக்கவில்லை. இன்னும் ஊற்றிக் குடித்தாள்.

“இண்டைக்கு நான் காரைத் தொடமாட்டன். ஆர் போறதெண்டாலும் ரக்சி பிடியுங்கோ.”

சச்சிதானந்தன் வரைபடத்தை இழுத்து மடிக்கத் தொடங்கினான். “அப்பிடியெண்டால் பயணமே வேண்டாம். நான் வரேல்லை.”

“நில்லுங்கோ. நான் போவன். அங்கை ரெயின் ஓடுது.”

சிவனேஸ்வரி எழுந்தாள். “நானும் வாறன் அக்கா. எனக்கும் அந்த ஆஸ்பத்திரியைப் பாக்க விருப்பம்.”

“உமக்கு என்ன விசரே?” என்றான் சிறிதரன். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த கிழமை பெண்கள் இருவரும் போய் செப்டெம்பருக்கு டிக்கெட் எடுத்தார்கள். சச்சிதானந்தன் இரண்டு நாள் தனியாகச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளிடம் வந்து, “நானும் வரட்டே?” என்றான்.

யோகராணி சப்பாத்து வாரை இறுக்கிக் கட்டினாள். கோபம் ஒரு சொட்டும் குறைந்திருக்கவில்லை.

“வாங்கோ. ஆனால் கார் எடுத்தால் நீங்கள்தான் ஓட வேணும். ஒரு துளி வாயிலை வைக்கப்படாது.”

பதிலுக்குக் காத்திராமல் அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.