கஸ்ஸின் ஏழு விநாடி

வேலையை விட்டு அனுப்பப்போகிறோம் என்று ரேடியோக்காரனிடம் முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் இல்லை. எந்த ஊரிலும் இல்லை. சொன்னால் அவன் கையில்தான் மைக் இருக்கிறதே, வயிற்றெரிச்சலையெல்லாம் ஊர் கேட்கக் கொட்டிவிட்டுப் போய்விடுவானே! அதனால் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிகிறவரை அவன் பாட்டுக்குச் சிரித்துப் பேச விட்டுவிடுவார்கள். பத்து மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தால் தாழ்வாரத்தில் மானேஜர் நிற்பார். அவர் காலடியில் ஒரு காலி அட்டைப்பெட்டி இருக்கும். பெட்டியைப் பார்த்ததும் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

கஸ் ஃபெரான்டிக்கும் அப்படித்தான் நடந்தது. இருபத்திரண்டு வருஷம் காலை நிகழ்ச்சி நடத்தியவன். பனி கொட்டுகிற நாளில் எந்தெந்தப் பள்ளிக்கூடத்துக்கு லீவு என்று அவன் வாயால் கேட்ட பிறகுதான் ஊர்ப் பிள்ளைகள் போர்வையை மறுபடி இழுத்து மூடிக்கொள்ளும். அந்த வெள்ளிக்கிழமையும் வழக்கம்போல ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு, "பத்திரமா இருங்க, திங்கக்கிழமை பாக்கலாம்" என்று சொல்லி முடித்தான். திங்கட்கிழமை அவன் நாற்காலியில் ரே கமின்ஸ்கி உட்கார்ந்திருந்தான்.

ரேயை ஊருக்குத் தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் அவனுடைய ராக் பாட்டு ஒன்று இந்த ஊரில் ஓடாத கார் இல்லை. அப்புறம் தொண்டையில் இரண்டு தடவை கத்தி வைத்தார்கள். குரல் கரகரத்துப் போயிற்று. கோடைக் கண்காட்சிகளில், ராட்டினத்துக்கும் சோளப்பொரிக் கடைக்கும் நடுவில் நின்று, மேல் சுரம் வரும் இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். கூட்டமும் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது.

அந்த வேலைக்கு அவன் ஆசைப்பட்டு வரவில்லை. அவன் மனைவி டார்லீனுக்கு இதயத்தில் ஒரு வால்வு பழுது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள், மூச்சு வாங்கி வாங்கி வேலையை விட்டாள். வேலையோடு மருத்துவ இன்சூரன்ஸும் போயிற்று. ஆபரேஷனை வசந்தத்துக்கு மேல் தள்ளக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ரேடியோ நிலையத்தில் சேர்ந்தால் இன்சூரன்ஸ் உண்டு. ஆனால் தொண்ணூறு நாள் முழுசாக முடிந்த பிறகுதான். அதற்குள் எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்கு அனுப்பலாம்.

மானேஜர் கிரெய்க் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "ரே, ஒரே ஒரு விஷயம். கஸ்னு ஒரு ஆள் இருந்ததே நமக்குத் தெரியாது. அவன் பேரு உன் வாயிலயும் வரக்கூடாது, போன்ல வர்றவன் வாயிலயும் வரக்கூடாது. வந்தா, அமுக்கு."

அமுக்க வேண்டியது மேசை ஓரத்தில் இருந்த சிவப்புப் பொத்தான். ஸ்டுடியோவில் பேசுவது ஏழு விநாடி தாமதமாகத்தான் ஊருக்குப் போகும். யாராவது ஏடாகூடமாகப் பேசினால், ஏழு விநாடிக்குள் பொத்தானை அமுக்கினால் போதும், பேசியது பேசாததாகிவிடும். ரேடியோ லேசாக ஒரு தாவு தாவும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் பெக் டோனஹியூவின் மேசையிலும் இதே மாதிரி ஒரு பொத்தான் உண்டு.

"கஸ் எங்கடா?" என்றுதான் முதல் போன் வந்தது.

அமுக்கினான்.

"கமின்ஸ்கி, பாட்டைத்தான் கெடுத்த, இப்ப பேச்சையும் கெடுக்க வந்துட்டியா? கஸ்ஸைக் கூப்பிடுயா!"

அமுக்கினான்.

"உன் தொண்டையில என்னப்பா, லாரி சரளை கொட்டிட்டுப் போயிடுச்சா?" என்றாள் ஒரு அம்மாள். அதில் கஸ் பெயர் இல்லாததால் ஊருக்கே போயிற்று. பெக் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்தாள். அவள் கஸ்ஸோடு பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். ரேயோடு அவள் பேசியதெல்லாம் "விளம்பரம்", "வானிலை", "முப்பது செகண்டு" இவ்வளவுதான்.

முதல் வாரம் எண்ணிப் பார்த்தான். நூற்றுப்பதினான்கு தடவை அமுக்கியிருந்தான். போகப் போக விரல் தானாகவே அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. 'க' என்று காதில் விழுந்தாலே துடித்தது. வெட்கம்கெட்ட விரல் என்று அவனே அதைத் திட்டினான்.

ஏனென்றால் அவனுடைய அந்தப் பாட்டை முதன்முதலில் ஒலிபரப்பியவனே கஸ்தான். மேலிடத்தில் கூடாது என்று சொல்லியும், ஒரு ஜனவரி காலையில் பள்ளி லீவு பட்டியலுக்கு நடுவே கேசட்டைச் செருகிவிட்டான். "நம்ம பையன் பாடியிருக்கான், கேளுங்க. பிடிக்கலேன்னா என்னைத் திட்டுங்க" என்றான். அப்படிப்பட்டவனுக்கு, உன் நாற்காலியில் நான் உட்காரப்போகிறேன் என்று ரே ஒரு போன்கூடப் போடவில்லை. போடலாம் போடலாம் என்று ஒரு வாரம் போயிற்று. அப்புறம் எந்த முகத்தோடு போடுவது?

கஸ்ஸும் வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது. ஆறு மாதம் இந்த ஊரில் எந்த ரேடியோவிலும் பேசுவதில்லை என்று அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

வீட்டில் டார்லீன் மாடிப்படி ஏறுகையில் நாலாவது படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வாள். ரே கீழே நின்று பார்த்துக்கொண்டிருப்பான்.

"என்ன வேடிக்கை? சினிமாவா ஓடுது?" என்பாள்.

"எத்தனாவது நாள் தெரியுமா இன்னிக்கு?"

"அறுபத்தேழு. சும்மா சும்மா சொல்லாத. ஜெயில்ல இருக்கற மாதிரி இருக்கு."

அறுபத்தெட்டாவது நாள் வெள்ளிக்கிழமை. ஏரியிலிருந்து பனிப்புயல் வந்து இடுப்பளவு கொட்டியிருந்தது. காலையெல்லாம் பள்ளிக்கூடப் பெயர்களை வாசித்து ரேக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கடைசிப் போன் ஒன்றைப் பெக் அனுப்பினாள். திரையில், "ஜெர்ரி, லாரி ஓட்டுநர், சாலை நிலவரம்" என்று எழுதியிருந்தாள். அனுப்பிவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதே ரேக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சொல்லுங்க ஜெர்ரி, ரோடு எப்படி இருக்கு?"

"கஸ் பேசறேன். திங்கக்கிழமை வரேன்னு சொன்னேன், வர விடல. கோவிச்சுக்காதீங்க. பத்திரமா இருங்க. நான் போயிட்டு வரேன்."

அவ்வளவுதான்.

முதல் சொல்லிலேயே விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் அமுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தான். அந்தக் குரல் அப்படியே, ரொட்டிக்கடை வாசலில் வரும் சூடு மாதிரி இருந்தது. கடிகாரத்தில் விநாடி முள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்வதைப் பார்த்தான். கஸ் பேசி முடித்தபோது ஆறு. அப்போதுதான் ரேக்கு விளங்கியது. இந்த மனுஷன் அளந்துகொண்டு வந்திருக்கிறான். போனால் முழுசாகப் போகட்டும், போகாவிட்டால் ஒரு சொல்லும் போக வேண்டாம், நீயே முடிவு பண்ணிக்கொள் என்று மிச்சம் ஒரு விநாடியை அவன் கையில் கொடுத்திருக்கிறான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெக் அசையாமல் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரேயின் கண்முன்னால் நாலாவது படி வந்தது. அமுக்கினான்.

பத்து மணிக்குப் பெக் கோட்டை மாட்டிக்கொண்டு அவனைக் கடந்து போனாள். "நல்லாயிரு" என்றாள். அதை எப்படிச் சொன்னாள் என்று இங்கே எழுத முடியாது. கேட்டவனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

எண்பத்தாறாவது நாள், செவ்வாய்க்கிழமை, கஸ் வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது மாரைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். அறுபத்தொரு வயது. மண்வெட்டி பனியில் குத்தியபடியே நின்றதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

செத்தவன் பெயரைச் சொல்லலாமாம்! கிரெய்க் அன்றைக்கே ஓடி வந்தார். "வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் கஸ் நினைவஞ்சலி. ஊரே கேக்கும். கறுப்புச் சட்டை போட்டுக்கிட்டு வா, பேப்பர்ல போட்டோ எடுப்பாங்க." அந்த ஒரு மணி நேரத்துக்கு விளம்பரம் கொடுத்தது யார் தெரியுமா? பனி வாரும் இயந்திரம் விற்கிற கடைக்காரன். கிரெய்க்குக்கு அதில் ஒரு உறுத்தலும் இல்லை.

வெள்ளிக்கிழமை, எண்பத்தொன்பதாவது நாள். ஒன்பது மணியிலிருந்து போன்கள் வந்துகொண்டே இருந்தன. ஒருத்தர் கஸ் சொன்ன ஜோக்கைச் சொல்லிச் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். முக்கால்வாசிப் பேர் கடைசியில் ஒன்றையே சொன்னார்கள்.

"இருபத்திரெண்டு வருஷம் எங்க வீட்டு ஆளா இருந்தான். ஒரு வார்த்தை சொல்லிக்காம போயிட்டானே, அதான் ஆற மாட்டேங்குது."

"திங்கக்கிழமை பாக்கலாம்னான். நானும் பைத்தியக்காரி மாதிரி ரேடியோவப் போட்டுட்டு உக்காந்திருந்தேன்."

ரே ஒவ்வொருவருக்கும் "ஆமா", "தெரியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வேறு என்ன சொல்லுவான், பாவி?

ஒன்பது ஐம்பதுக்குக் கானி போனில் வந்தாள். கஸ்ஸின் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

"ரே, நல்லா நடத்தற. அவனுக்குப் பிடிச்சிருக்கும்."

"கானி..."

"ஒரு உதவி கேக்கத்தான் கூப்பிட்டேன். போன மாசம் உன் நிகழ்ச்சியில பேசினானே, அதை ஒரு தடவை போடறியா? சமையல் கடிகாரத்தை வெச்சுக்கிட்டு மூணு நாள் ஒத்திகை பாத்தான். ஏழு செகண்டுக்குள்ள வரணும், ஏழு செகண்டுக்குள்ள வரணும்னு ஒவ்வொரு வார்த்தையா வெட்டினான். என் பேரு ஒண்ணு இருந்துச்சு, அதையும் வெட்டிட்டான்." சிரித்தாள். "நான் அன்னிக்கு டியூட்டி முடிஞ்சு பஸ்ல வந்துட்டிருந்தேன், கேக்க முடியல. போச்சான்னு கேட்டேன். போச்சு கானி, ரே நல்ல பையன், ஊரே கேட்டுதுன்னான். ஆனா யாருமே கேட்ட மாதிரி சொல்ல மாட்டேங்கறாங்களே? டேப் இருக்கும்ல?"

கஸ்ஸின் சமையலறையில் ரேடியோ ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். அந்தத் தாவலை அவன் கேட்டிருப்பான். கேட்டுவிட்டுத்தான் பெண்டாட்டியிடம் ரே நல்ல பையன் என்று சொல்லியிருக்கிறான்.

கிரெய்க் கண்ணாடிக்குப் பின்னால் வந்து நின்று, வேண்டாம் என்று தலையாட்டினார். ரேயின் விரல் பொத்தானுக்குப் போயிற்று. அந்த விரலை இன்னொரு கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டான்.

"டேப் இல்ல கானி. ஊருக்குப் போகல. நான்தான் அமுக்கினேன். ஆனா என்ன சொன்னான்னு எனக்கு மனப்பாடம். 'கஸ் பேசறேன். திங்கக்கிழமை வரேன்னு சொன்னேன், வர விடல. கோவிச்சுக்காதீங்க. பத்திரமா இருங்க. நான் போயிட்டு வரேன்.' இவ்வளவுதான் சொன்னான். என்னை வேலையை விட்டு அனுப்பிடுவாங்கன்னு அமுக்கிட்டேன் கானி."

"நீயா?" என்றாள் கானி. "உன் பாட்டு கேசட்டு இன்னும் எங்க கார்லதான் கிடக்கு." போனை வைத்துவிட்டாள்.

ரே வானிலையை வாசித்தான். மாலையில் மறுபடி பனி, ஐந்தங்குலம். ஐம்பத்தெட்டுக்கு ஏதாவது சொல்லி முடிக்க வேண்டும். "பத்திரமா இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மைக்கை அணைத்தான்.

வெளியே வந்தான். தாழ்வாரத்தில் கிரெய்க் நின்றுகொண்டிருந்தார். ரே முதலில் அவர் காலடியைத்தான் பார்த்தான். பெட்டி இல்லை.

"தப்பிச்ச. பெக் கெட்டிக்காரி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிரெய்க் போய்விட்டார்.

பெக் கோட்டுப் பித்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"நீ பேசினது எதுவும் போகல. அவ போனை வைக்கறவரைக்கும் விடாம அமுக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

"ஏன் பெக்? நான் சொல்லணும்னுதான் சொன்னேன்."

"கானி போன்லதானே இருந்தா, அவளுக்கு நேராவே கேட்டிருக்கும். கேக்க வேண்டியவ கேட்டுட்டா." கையுறையை இழுத்து மாட்டினாள். "உனக்காகப் பண்ணலை, புரியுதா? உன் பொண்டாட்டி இன்சூரன்ஸுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கு. கஸ் இருந்தா அமுக்குன்னுதான் சொல்லியிருப்பான். அந்த ஆளு அப்படி."

அவள் நிற்கவில்லை.

வீட்டில் டார்லீன் ரேடியோவை அணைக்காமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். மேசையில் அவனுக்கு உருளைக்கிழங்கு வைத்த பீரோகிக் கொழுக்கட்டை வறுத்து மூடி வைத்திருந்தாள். அவள் கன்னம் ஈரமாக இருந்தது.

"முழுசா கேட்டேன் ரே. நல்லா அழ வெச்சுட்ட எல்லாரையும்." அவனுடைய கோட்டை வாங்கி நாற்காலியில் போட்டாள். அப்புறம் கொஞ்சம் தயங்கினாள். "ஆனா கானி அவ்வளவு கெஞ்சிக் கேட்டாளே, அந்த டேப்பைப் பத்தி. நீ பதிலே சொல்லாம வானிலைக்குப் போயிட்ட. பாவம், புருஷனை இழந்தவ. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

ரே தட்டின் மூடியை எடுத்தான். திரும்ப வைத்தான்.

"சொல்லியிருக்கலாம்" என்றான்.

டார்லீன் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். நாலாவது படியில் நின்றாள். ரே கீழே நின்று, அவள் மூச்சு திரும்பி வருகிறவரை மனசுக்குள் விநாடிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.