அக்கரை வீட்டு மாடி ஜன்னல்

“கயித்தை அவிழும்யா, தர்ஸ்டன்!”

படகுக்காரர் தர்ஸ்டன் வாயில் பாதி மாவுருண்டையுடன் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் நான் படகில் குதித்திருந்தேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து, அவருடைய தட்டில் இருந்த குழம்பு முழங்காலில் கொட்டியது.

“மாஸ்டர் லார்ட்டர், ஞாயித்துக்கிழமை ஒரு மனுஷன் நிம்மதியா சாப்பிடக் கூடாதா?”

“அக்கரைக்குப் போய்ச் சாப்பிடும்.”

“தொப்பி எங்க? தொப்பி இல்லாம ஆத்தைத் தாண்டுறவன் ஒண்ணு திருடனா இருப்பான், இல்ல பொண்டாட்டிகிட்ட அடி வாங்கினவனா இருப்பான்.”

“துடுப்பைப் போடும்!”

என் கோட்டுக்குள் ஒரு செம்புத் தகடு இருந்தது. ஒரு புத்தகத்தின் அகலம். அதன் மூலை விலா எலும்பில் குத்திக்கொண்டிருந்தது. வலது பையில் என் சுரண்டுகத்தி. செம்பில் தப்பாக விழுந்த கோட்டை வழித்தெடுக்கிற மூன்று பட்டைக் கத்தி அது. அதைச் சைலஸ் அட்டிங்கின் உடம்பில் எந்த இடத்தில் பிரயோகிப்பது என்பதை மட்டும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தத் தகடு என் கையில் கிடைத்தது. சர்ச் முடிந்ததும் என் மனைவி ஹெஸ்டர் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நான் கழுத்துத் துணி தேடி, துணிகள் வைக்கும் இழுப்பறையைத் திறந்தேன். தலையணை உறைகளுக்கு நடுவே, பழைய ஃபிளானல் துணியில் பத்திரமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது.

ஒளித்து வைக்கப்பட்டிருந்தது என்று சொல்வதுதான் சரி.

ஜன்னலருகே கொண்டுபோய்ப் பிரித்தேன். முதலில் கண்ணில் பட்டது வானம். என்ன ஒரு வானம்! மழை வரப்போகிறதா, வந்து போய்விட்டதா என்று தீர்மானிக்க முடியாத ஒரு வானம். செம்பின் மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குகிறோமே, அதில் வானம்தான் கொலைக்களம். ஒரு நிமிடம் அதிகமாக ஊறினால் மேகமெல்லாம் பாறாங்கல். என்னுடைய மேகங்கள் எப்போதும் பாறாங்கல்தான்.

நாரிச் நகரத்தில் இது எல்லாருக்கும் தெரியும். பதினாலு வயதில் சவப்பெட்டிக்குப் பெயர்த் தகடு வெட்டுகிற கடையில் சேர்ந்து, இருபத்திரண்டு வருஷம் ஊசியும் தூரிகையுமாக நிலக்காட்சி போட்டு, நான் சம்பாதித்த பேர் ஒரே ஒரு வரி: “மரம் வேணுமா, அமோஸ் லார்ட்டர்கிட்ட போ. வானம் வேணுமா, சைலஸ் அட்டிங்கிட்ட போ.” போன ஆகஸ்ட் கண்காட்சியில் ஒரு சீமாட்டி என் படத்தின் கீழ்ப்பாதியை மட்டும் விசிறியால் சுட்டிக்காட்டி, “இது வரைக்கும் அருமை” என்றாள். பக்கத்தில் சைலஸ் நின்றுகொண்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

அந்த வானம் இப்போது என் மனைவியின் இழுப்பறையில்.

தகட்டின் மற்ற பாகத்தைப் பார்த்தேன். எங்கள் யேர் ஆறு. நடுவில் நாணல் திட்டு. திட்டின் ஒரு முனையில் காற்றாலை, மறு முனையில் இடிந்த சர்ச் கோபுரம். காற்றாலை காற்றுக்குத் தகுந்தபடி முகம் திருப்பும். கோபுரம் நாலு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். எந்தக் கரையிலிருந்து வரைந்தது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று பார்ப்பதுதான். எங்கள் கரையிலிருந்து பார்த்தால் கோபுரம் இடது, காற்றாலை வலது. அக்கரையிலிருந்து பார்த்தால் மாறி இருக்கும்.

தகட்டில் மை தடவி அச்செடுத்தால், செம்பில் இடமாக இருப்பது காகிதத்தில் வலமாக விழும். அதனால் காட்சியைத் திருப்பித்தான் செம்பில் போடுவோம். இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில், தகட்டைப் பார்த்தாலே என் கண் தானாக அதைத் திருப்பிக்கொள்ளும். திருப்பிக்கொண்டது. காற்றாலை இடது, கோபுரம் வலது.

அக்கரை.

அதுவும் நாணலுக்கு மேலே, உயரத்திலிருந்து. அக்கரையில் மாடி உள்ள கட்டடம் ஒன்றே ஒன்றுதான்: கெசையா மேஸ் நடத்துகிற ‘மூன்று கொக்கு’ விடுதி. ஞாயிறு தவறாமல் சைலஸ் அட்டிங் உட்கார்ந்து பீர் குடிக்கிற இடம்.

படத்தின் அடியில் ஜன்னல் விளிம்பு. விளிம்பின் மேல் ஒரு பெண்ணின் வைக்கோல் தொப்பி. அதன் ஓரத்தில், மெழுகுவத்தி சுட்ட அரை வட்ட ஓட்டை.

ஹெஸ்டரின் தொப்பி.

மாடி அறை. கழற்றி வைத்த தொப்பி. நாற்காலியில் சாவகாசமாக அவன். தொப்பிக்காரி எங்கே? எதிர்க்கரையில் ஒரு சின்ன வீட்டையும் வரைந்திருந்தான், புகைபோக்கியோடு. என் வீட்டையே நகத்தளவுக்குக் கிண்டலாகப் போட்டிருக்கிறான்! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அந்த வீட்டின் மாடி ஜன்னல் முழுக்கப் பொடிப்பொடிக் கோடுகள்; திரைச்சீலை போலிருக்கிறது. மேலே ஒரு கோடு மட்டும் சாய்ந்திருந்தது. கை நழுவியிருக்கிறான் என்று ஒரே ஒரு வினாடி சந்தோஷப்பட்டேன். பிறகுதான் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“இறங்குங்க மாஸ்டர். கரை வந்திருச்சு” என்றார் தர்ஸ்டன். “குனிஞ்ச தலை நிமிராம வர்றீங்க. தண்ணிக்குள்ள என்ன தேடுறீங்க, மீனா?”

படித்துறையில் ஏறி விடுதிக்குள் நுழைந்தேன். சைலஸ் வழக்கமான பெஞ்சில் இருந்தான். முன்னால் யார்மத் துறைமுகத்துப் புகைமீன் இரண்டு, ரொட்டி, பீர்.

“அடடே அமோஸ்! வா வா, உக்காரு. கெசையா அக்கா, நம்ம மரக்காரருக்கு ஒரு பீர்!”

“குடிக்க வரல.”

“அப்ப மீன் தின்னு. மூஞ்சி ஏன் பச்சையா இருக்கு? அமிலத்தைக் குடிச்சிட்டியா?”

“என் வீட்டுக்காரியைக் கடைசியா எப்பப் பாத்த?”

சைலஸ் முள்ளை உருவிக்கொண்டிருந்த கையை நிறுத்தினான். நான் அதைக் கவனித்தேன். கோட்டுப் பைக்குள் என் விரல்கள் கத்தியைத் தொட்டன.

“ஹெஸ்டரம்மாவையா? போன மாசம். என் பட்டறைக்கு வந்தாங்க.”

“எதுக்கு?”

“ஒண்ணு கேட்டாங்க, நான் சொன்னேன். அவ்வளவுதான்.”

“என்ன கேட்டா?”

“அதைச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்கப்பா.” அவன் காது நுனி சிவந்தது. “பைபிள் இல்ல, பீர்க் குவளை மேலதான் சத்தியம் பண்ணேன். இருந்தாலும் சத்தியம் சத்தியம்தானே? உன் பொண்டாட்டிகிட்டயே கேளேன். வாயில்லாத பூச்சியா அது? எவ்வளவு நல்லாப் பேசுது! அவ்வளவு பேச்சும் இருக்கிற பொம்பளை உன்கூட எப்படிக் குப்பை கொட்டுதுன்னு நான் அன்னிக்கே நெனச்சேன்.”

பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கெசையாவிடம் திரும்பினேன்.

“ஆத்தைப் பாத்த மாடி அறை. சாவி குடு.”

“அந்த அறையா? அதுக்கு எதுக்குச் சாவி? சும்மா சாத்தித்தான் கெடக்கு. ஆனா அங்க போயி நீங்க என்னத்தப்…”

அவள் முடிப்பதற்குள் நான் பாதிப் படி ஏறிவிட்டேன்.

மாடியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இறங்கி வந்தபோது சைலஸின் தட்டில் முள் மட்டும் மிச்சம் இருந்தது. கத்தி என் பையிலேயே இருந்தது.

“என்னப்பா, பேயைப் பாத்துட்டியா?” என்றான் சைலஸ்.

நான் அவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் வெளியே வந்தேன். நெஞ்சுக்குள் ஒரு எரிச்சல். அது போகும்போது இருந்ததைவிட நாலு மடங்கு.

படகு நடு ஆற்றுக்கு வந்ததும் தகட்டை வெளியே எடுத்தேன். வெயிலில் அந்த வானம் தகதகவென்று மின்னியது. ஒரு முறை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு கையை நீட்டி, விரல்களைப் பிரித்தேன்.

“ஐயையோ! மாஸ்டர், நல்ல செம்பாச்சே!” தர்ஸ்டன் துடுப்பை விட்டுவிட்டுப் பாய்ந்தார். அங்கே ஆழம் நாலு ஆள் உயரம், அடியில் சேறு. நாலைந்து குமிழி வந்தது. அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் ஹெஸ்டர் நின்றுகொண்டிருந்தாள். தலையில் அந்தத் தொப்பி. அதைக் கழற்றக்கூட இல்லை.

“அமோஸ், துணி இழுப்பறையைத் திறந்தீங்களா?”

“திறந்தேன்.”

“அதுல ஒரு தகடு…”

“ஆத்துல இருக்கு.”

அவள் அழவில்லை. வாசற்படியில் மெல்ல உட்கார்ந்தாள். கையுறைகளை ஒவ்வொரு விரலாக உருவினாள்.

“ஏன்?” என்றாள்.

நான் சொன்னேன். காற்றாலை இடது, கோபுரம் வலது, அக்கரை, விடுதி மாடி, சைலஸ், தொப்பி. ஒன்று விடாமல், கோர்ட்டில் வக்கீல் அடுக்குகிற மாதிரி அடுக்கினேன். கேட்டுக்கொண்டே வந்தவள் நடுவில் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பார்த்தால், சிரிக்கிறாள். சிரிப்பு முற்றி அழுகையானது.

“திருப்பிப் போடணும்னு எனக்கு யாரு சொல்லிக் குடுத்தா, மிஸ்டர் லார்ட்டர்? பதினோரு வருஷமா இந்த வீட்ல இருக்கேன். ‘ஊசியைத் தொடாதே, அமிலத்துகிட்ட வராதே’ங்கிறதைத் தவிர வேற என்ன சொல்லியிருக்கீங்க? நான் கண்ணுக்குத் தெரிஞ்சதை அப்படியே செம்புல போட்டேன். நம்ம பரண்ல ஆப்பிள் காயப் போடுற அறை இருக்கே, அந்த ஜன்னல்லேருந்து.”

நான் அவள் தொப்பியின் ஓட்டையைப் பார்த்தேன்.

“ஒரு வாத்தைக் குடுத்துத் தகட்டை வாங்கினேன். ரெண்டு தரம் வானம் கருகிப்போச்சு. ரெண்டு தரமும் வழிச்செடுத்து மறுபடியும் போட்டேன். கடைசியில சைலஸ்கிட்டப் போயி, ‘வானத்தை அமிலத்துல எவ்வளவு நேரம் வைக்கணும்?’னு கேட்டேன். இந்த ஒரு கேள்விக்குத்தான் அந்த மனுஷன்கிட்ட சத்தியம் வாங்கினேன்.”

“என்கிட்ட கேட்டிருக்கலாமே.”

“உங்ககிட்ட வானத்தைப் பத்தியா?” சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “முதல்ல உங்ககிட்ட காட்டணும்னுதான் ஆசை. யாரு போட்டதுன்னு சொல்லாமக் காட்டணும். ‘நல்லா இருக்கே’ன்னு நீங்க சொன்ன அப்புறம் சொல்லணும். காகிதத்துல ஒரு பிரதிகூட எடுக்கல. முதல் பிரதியை உங்க அச்சுல நீங்கதான் எடுக்கணும்னு வெச்சிருந்தேன்.”

உள்ளே அடுப்பில் கெட்டில் கொதித்து மூடி தடதடத்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

“பாத்தீங்கல்ல?” என்றாள். “ஆத்திரத்துல பாத்திருந்தாலும் பாத்திருப்பீங்கல்ல? வானம் எப்படி இருந்துச்சு?”

“சரியாப் பாக்கல” என்றேன்.

அவள் நெடுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “பொறாமை பிடிச்ச மனுஷா! என் மேல இவ்வளவு ஆசையா? சைலஸோடதுன்னு நெனச்சுத்தானே எறிஞ்சீங்க? போகட்டும் விடுங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் ஊசியைத் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை. ஊரில் இந்தக் கதையைத் தர்ஸ்டன் பரப்பிவிட்டார். இன்றைக்கும் சந்தையில் பெண்கள் என்னைக் காட்டி, “பொண்டாட்டி மேல உசுரையே வெச்சிருக்கிற மனுஷன்” என்று பேசிக்கொள்கிறார்கள். ஹெஸ்டரும் அதைக் கேட்டு முகம் சிவக்கிறாள்.

இத்தனை சொன்னேன், ‘மூன்று கொக்கு’ மாடியில் நான் என்ன பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அந்த அறையில் ஜன்னல் கிடையாது.

ஜன்னல் இருந்த இடம் இருந்தது. பழைய ராஜா செத்த வருஷம், ஜன்னலை எண்ணிச் சர்க்கார் போட்ட வரிக்குப் பயந்து, கெசையாவின் புருஷன் அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டான். சுண்ணாம்பெல்லாம் உதிர்ந்து, சிலந்தி கூடு கட்டியிருந்தது. எத்தனையோ முறை அந்தப் படித்துறையில் இறங்கியவன், ஒரு முறைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அங்கே உட்கார்ந்து யாரும் எதையும் வரைந்திருக்க முடியாது.

கதவு வழியே வந்த வெளிச்சத்தில் தகட்டை எடுத்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு தகட்டைத் திருப்பாமல் பார்த்தேன். இடப்பக்கம் கோபுரம், வலப்பக்கம் காற்றாலை. என் வீட்டுப் பரண். அக்கரையில் தெரிந்த குட்டி வீடு என் வீடல்ல, இந்த விடுதி. அதன் மாடி ஜன்னலில் இருந்தது திரைச்சீலை அல்ல, செங்கல். கடைசியில் கல் போதாமல் மேல் வரிசையை மட்டும் சாய்த்து வைத்திருந்தான் கெசையாவின் புருஷன். செம்பிலும் அந்த ஒரு கோடு சாய்ந்திருந்தது. கை நழுவவில்லை. ஆற்றுக்கு எங்கள் பக்கமிருந்து அதைக்கூடப் பார்த்திருக்கிறது அந்தக் கண்.

திருப்பிப் போடத் தெரியாத கை. என் வீட்டுப் பரணில் ஏறுகிற ஒரே ஆள். அந்தத் தொப்பிக்குச் சொந்தக்காரி.

ஹெஸ்டர் சைலஸோடு அந்த அறையில் இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

நடு ஆற்றில் விரல்களைப் பிரித்தபோது, அது யாருடைய வானம் என்று எனக்குத் தெரியும்.