கட்டணம் யாருக்குப் போகிறது

இபினாபோ ஓர் ஆன்லைன் சூதாட்டத் தளத்தில் வேலை பார்த்தாள். ஆடுகிறவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் எழுதும் வேலை. போர்ட் ஹார்கோர்ட் நகரத்தில், படித்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் தெருவெல்லாம் இருக்கும்போது, கிடைத்ததைக் கைவிட அவளுக்கு மனமில்லை. அம்மா பொமாவுக்கு மட்டும் அது தொண்டையில் சிக்கிய முள். மீன் சந்தையில் யாராவது விசாரித்தால், "ஏதோ பேங்க் மாதிரி" என்று முனகிவிட்டுக் கருவாட்டைப் புரட்டிப் போடுவாள்.

தளத்தில் ஜெயித்த பணம் கிரிப்டோ என்ற டிஜிட்டல் காசாகத்தான் கைக்கு வரும். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் 'நெட்வொர்க் கட்டணம்' என்று பிடித்துக்கொள்வார்கள். அதில் அந்தக் காசை அனுப்பிவைக்கும் நெட்வொர்க்குக்குப் போவது ஒரு கிள்ளு, மிச்சமெல்லாம் கம்பெனிக்கு. யார் கேட்டாலும் 'அது எங்கள் கையில் இல்லை' என்று எழுத வேண்டும் என்பது உத்தரவு.

ஒருநாள் முதியாகா என்ற ஆட்டோக்காரர் எழுதினார்: "தங்கச்சி, ஜெயிக்க ஜெயிக்க எடுத்தேன். கைக்கு வந்தது ஒரு வேளைச் சோத்துக்குத்தான் காணுச்சு. நடுவுல தின்னது யாரு?"

அவள் வழக்கமான பதிலை அனுப்பினாள்.

"நீ சொன்னா சரிதாம்மா" என்று வந்தது மறுபதில். அந்த நம்பிக்கை அவளைச் சுட்டது.

அந்த வாரமே மேலாளர் அமாடி அவளைக் கூப்பிட்டார். "நம்ம தளம் முழுக்கத் தெருவுல பேசுற கலப்பு இங்கிலீஷ்ல, பிட்ஜின்ல இருக்கணும். உன்னை மாதிரி எழுத இங்க ஆள் கிடையாது."

அது உண்மைதான். அவள் ரசித்து ரசித்து எழுதினாள். கட்டணப் பக்கம் வந்தது. 'இந்தக் காசில் பெரும்பங்கு நெட்வொர்க்குக்குப் போகாது, எங்கள் கம்பெனிக்கே வரும். அடிக்கடி எடுத்தால் அடிக்கடி போகும்' என்று பளிச்சென்று எழுதினாள்.

ஒளித்து வைக்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "கட்டணப் பக்கத்தை ஒருதரம் படிச்சுட்டுப் போடுங்க சார்."

"பிட்ஜினை எனக்கே சொல்லித் தரியா? தொட்டில்லயே கேட்டது!" அமாடி சிரித்துக்கொண்டே, படிக்காமலே வெளியிட்டுவிட்டார்.

மறுநாள் ஊரெல்லாம் அந்தப் பக்கத்தின் படம் கைமாறியது. அமாடியின் முகம் வெளிறியிருந்தது. "தப்பா எழுதிட்டேன்னு ஒரு வரி போடு. போட்டா உன் வேலை தப்பும்."

"எந்த வார்த்தை தப்பு சார்? காட்டுங்க, திருத்துறேன்."

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "கிளம்பு" என்றார்.

பையை எடுத்துக்கொண்டு நேராகச் சந்தைக்கு நடந்தாள். வேலை போனதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பது மட்டுமே கவலை. மீன்கடை வாசலில் நாலைந்து ஆட்டோக்காரர்கள், சுட்ட வாழைக்காயை மென்றபடி, போனை வைத்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"எவனோ நெஞ்சுரம் உள்ளவன் எழுதியிருக்கான்யா!"

"நம்ம வாய்ப் பேச்சு அப்படியே இருக்கு பாரு!"

இபினாபோ அம்மாவின் காதில் விஷயத்தைச் சொன்னாள். பொமா கத்தியைக் கீழே வைத்தாள். கையை இடுப்புத்துணியில் துடைத்தாள்.

"எவனோ இல்லடா, எவளோ! சூதாட்டக் கம்பெனியில வேலை பார்த்த என் மக எழுதினது. இன்னிக்கு அதுக்காகவே வேலையையும் பறிகொடுத்துட்டு வந்திருக்கா. நல்லாப் பார்த்துக்கங்க!"

சந்தை ஆரவாரித்தது. ஒருவன் ஒரு முழு வாழைக்காயை நீட்டினான். "அக்கா, இது எல்லாம் உனக்குத்தான், கட்டணம் பிடிக்கல!"

"இனி எவ என்ன கேட்டாலும் நான் தலைநிமிர்ந்து சொல்லுவேன்டி" என்றாள் பொமா. மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கம்பெனி அந்தப் பக்கத்தை எடுத்தது. ஆனால் படித்தவர்கள் மறக்கவில்லை. பணத்தை அடிக்கடி சில்லறையாக எடுப்பதைப் பலர் நிறுத்தினார்கள், சிலர் ஆட்டத்தையே நிறுத்தினார்கள். மழைக்காலம் முடியுமுன் கட்டணம் பாதியாகக் குறைந்தது. அமாடி திரும்பக் கூப்பிட்டார். அவள் போகவில்லை. உள்ளூர் வானொலியில் பிட்ஜின் செய்தி எழுத ஆள் தேடினார்கள், அங்கே சேர்ந்தாள். காலைச் செய்தி வரும்போது பொமா வானொலியின் சத்தத்தைக் கூட்டிவைத்து, பேரம் பேச வந்தவர்களைக் கையமர்த்துகிறாள்.