கிரனாடா ரொட்டிக் கடையில் ஒரு முத்தம் (அல்லது இரண்டு)

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என்னுடையது இல்லை. ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் தெரு ரொட்டிக் கடையில் காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்பீர்கள். கிரனாடாவில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை ஐயா. இங்கே கேட்காமல் இருப்பதற்குத்தான் மெனக்கெட வேண்டும்.

ஆனால் கதையின் கடைசிப் பகுதியைக் கோட்டைவிட்டேன். அதனால்தான் இத்தனை நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: பிரிந்துபோன ஒருத்தியும் ஒருத்தனும், ஆளுக்கொரு முதுகுப்பையோடு, நினைக்காத இடத்தில் எதிரெதிரே வந்து நின்றபோது எந்த முத்தம் கொடுத்துக்கொண்டார்கள்?

(முத்தம் என்றதும் நிமிர்ந்து உட்கார வேண்டாம். இங்கே மச்சினிக்கும் பல் வைத்தியரம்மாவுக்கும் எதிர்வீட்டுக்காரிக்கும் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம். அது வணக்கம், அவ்வளவுதான். உதட்டில் ஒன்று என்றால் ஜோடி. ஆகவே பிரிந்தவர்கள் மறுபடி சந்தித்தால் முதல் நொடியிலேயே ஊரறியத் தீர்ப்பு வந்துவிடும். நம்மூரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு “என்ன, சௌக்கியமா?” என்று நழுவ வழி கிடையாது.)

2

தொடக்கம்.

‘சியேரா நெவாடாவின் பனி முகடுகள் பொன்னிறமாக—’

வேண்டாம். அன்றைக்கு நான் மலைப் பக்கமே பார்க்கவில்லை.

‘காதல் என்பது ஒரு நெடும்பயணம். அதில் நாம் எல்லோரும்—’

சீச்சீ.

‘கடைக்குள் நுழையும்போது லெய்ரேயின் முதுகுப்பை கதவில் மாட்டிக்கொண்டது.’

இது இருக்கட்டும். இது நடந்தது. பின்னால் வந்த நான்தான் கதவைப் பிடித்தேன்.

3

லெய்ரே, பில்பாவோக்காரி, பள்ளி ஆசிரியை. தாமியான், அல்மெரியாக்காரன், லிஃப்ட் பழுது பார்ப்பவன். (லிஃப்ட் என் கற்பனை. விரலிடுக்கில் கிரீஸ் கறை பார்த்தேன், வேலை கொடுத்துவிட்டேன்.) தலைநகர் மத்ரீதில் ஒன்றாக இருந்தவர்கள். அவளுக்குச் சொந்த ஊரிலேயே நிரந்தர வேலை கிடைத்தது. அவன் கூட வரமாட்டேன் என்றான். காரணம் கேட்டால், மழை. வருஷம் பூராவும் நசநசவென்று பெய்கிற ஊரில் மனுஷன் இருப்பானா என்றானாம்.

* இந்த இடத்தில் தாமியானை நான் நம்பவில்லை. மழைக்குப் பயந்து ஒருத்தியை விடுவானா? இரண்டாம் வரைவில் அவனுக்கு நோயாளி அம்மா ஒருத்தியைக் கொடுத்துப் பார்த்தேன். மூன்றாம் வரைவில் இன்னொரு பெண்ணை. இரண்டும் அவன் முகத்துக்குப் பொருந்தவில்லை. அப்படியே தொங்கலில் விட்டிருக்கிறேன்.

பிரிவதற்கு முன்பே இருவரும் ஊர் சுற்றத் திட்டம் போட்டிருந்தார்கள். சரகோசா, பார்சலோனா, வலென்சியா, கிரனாடா, காதிஸ், வடக்கிலிருந்து தெற்கு. பிரிந்த பிறகும் லீவை யாரும் ரத்து செய்யவில்லை. ரோஷம். அவன் பழைய திட்டப்படி போவான், நாம் தலைகீழாகத் தெற்கிலிருந்து போனால் அவன் கண்ணில் படமாட்டோம் என்று லெய்ரே கணக்குப் போட்டாள்.

4

எங்கள் கடையில் வரிசை என்று ஒன்று கிடையாது. உள்ளே வருகிறவர் யார் கடைசி என்று கேட்பார், கடைசியாள் கை தூக்குவார். பிறகு எங்கே வேண்டுமானாலும் நின்று வம்பளக்கலாம்.

“யாருங்க கடைசி?” என்றாள் லெய்ரே.

“நான்தான்,” என்றது கேக் அலமாரி முன்னால் குனிந்திருந்த இன்னொரு முதுகுப்பை. பிறகு நிமிர்ந்தது.

“நீ எங்கடா இங்க?”

“அதை நான் கேக்கணும். நீ இந்நேரம் பார்சலோனாவுல இல்ல இருக்கணும்?”

“ரூட்டைத் திருப்பிப் போட்டேன். உன் மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு.”

“அடக் கடவுளே! நானும் அதுக்குத்தானடி திருப்பினேன்!”

ரொட்டியை வாங்கிக்கொண்டு கிளம்ப மனமில்லாமல் நின்ற கிழவர் எலாதியோ சும்மா இருப்பாரா? ஊர், பிரிவு, மழை, பயணத் திட்டம் என்று எல்லாவற்றையும் இரண்டே நிமிஷத்தில் துருவி எடுத்துவிட்டார். “அப்போ காதிஸ்லேருந்து ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வந்திருக்கீங்க. பிரியக்கூடத் தெரியலையே புள்ளைங்களா உங்களுக்கு!”

கடையே சிரித்தது. அவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும்தான் வினை வந்தது. முகமன் சொல்லியாக வேண்டுமே. அவன் முகம் கொஞ்சம் முன்னால் வந்தது. அவள் முகமும் வந்தது. இரண்டும் நடுவழியில் நின்றன. கன்னமா, உதடா? யார் முடிவெடுப்பது?

“அடுத்தது யாருப்பா?” கடைக்காரி என்கார்னா குரல் கொடுத்தாள்.

“நான்... இல்ல, அவங்களுக்குக் குடுங்க,” என்றான் தாமியான், கண்ணை எடுக்காமல்.

“எனக்கொண்ணும் அவசரமில்ல. பின்னாடி இருக்கிற சாருக்குக் குடுங்க,” என்றாள் அவள்.

அந்தச் சார் நான்.

5

அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. நேரத்தை இழுக்கலாமே என்று, ரொட்டியை நறுக்கித் தரச் சொன்னேன்.

“என்னிக்கு நீ நறுக்கின ரொட்டி தின்னிருக்கே?” என்றாள் என்கார்னா.

“இன்னிக்கு ஆசையா இருக்கு.”

இதைவிட மடத்தனம் உண்டா? நறுக்கும் இயந்திரம் கடகடவென்று கத்தியதில் பின்னால் பேசியது ஒன்றும் கேட்கவில்லை. அது நின்றதும் திரும்பினேன். இருவரும் அதே இடத்தில், அதே இடைவெளியில். நான் பொட்டலத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினேன்.

“வேற ஏதாச்சும் வேணுமா எழுத்தாளரே? இல்ல, நாற்காலி போடவா?” என்றாள் என்கார்னா, எல்லோருக்கும் கேட்கும்படி.

மானம் போயிற்று. வெளியே வந்துவிட்டேன்.

6

ஆகவே முடிவுகள்.

அ. இரண்டு கன்னத்திலும் இரண்டு முத்தம். “நல்லா இரு.” “நீயும்.” அவள் வலென்சியா பஸ்ஸுக்கு, அவன் வீட்டுக்கு. நன்றாகவே வந்தது. படித்துவிட்டு எனக்கே அழுகை வந்தது. கிழித்துப் போட்டேன்.

ஆ. உதடு. இங்கேதான் தமிழில் எழுதுகிறவன் மாட்டிக்கொள்கிறான். நாம் வளர்ந்த வழக்கப்படி இப்போது இரண்டு பூக்கள் உரச வேண்டும், அல்லது கரண்ட் போக வேண்டும். ரொட்டிக் கடையில் பூ ஏது? ‘இரண்டு ரொட்டிகள் மெல்ல உரசி—’ மன்னியுங்கள்.

இ. இருவரும் ஒரே பக்கக் கன்னத்துக்குப் போய், மோதி, முத்தம் தவறுதலாக நடுவில் விழுகிறது. இந்த ஊரில் தினசரி நடக்கிற விபத்துதான். போன மாதம்கூட எனக்கும் பல் வைத்தியரம்மாவுக்கும் ஆகி, ஒரு வாரம் வாயைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் இரண்டு பேர் வாழ்க்கையை ஒரு விபத்தின் தலையில் கட்ட மனம் வரவில்லை. அவர்கள் சேர வேண்டும் என்று எனக்கு ஆசை. கதாசிரியன் இப்படிப் பட்டவர்த்தனமாக ஆசைப்படக் கூடாதுதான். என்ன செய்ய, பட்டுவிட்டேன்.

7

இன்று காலை வெட்கத்தை விட்டு என்கார்னாவிடமே கேட்டேன்.

“பொறுக்க முடியலையாக்கும்,” என்றாள். “முத்தமே குடுத்துக்கல, போ. மரம் மாதிரி நின்னாங்க. நானும் யாரையும் கூப்பிடல. அப்புறம் அந்தப் பையன், ‘பில்பாவோவுல வருஷம் பூராவா மழை?’ன்னான்.”

“அவ?”

“‘ஆகஸ்ட்ல ரெண்டு நாள் விடும்’னா.”

“அப்புறம்?”

“அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ‘மழையெல்லாம் இல்ல லெய்ரே. அங்க உனக்கு எல்லாரும் இருக்காங்க. உன் ஊர்ல நான் யாரு? அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு’ன்னான்.”

எத்தனை வரைவு எழுதினேன், இது தோன்றவே இல்லை பாருங்கள். அடுத்தவர் ஊரில் வந்து உட்கார்ந்திருப்பவன் நான். இதே கேள்வியை இதே தெருவில் எத்தனையோ தடவை எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டவன். அவனுக்குப் போய் நோயாளி அம்மாவைக் கொடுத்தேனே, நான் ஒரு மடையன்.

“அவ என்ன சொன்னா?”

“முதுகுப்பையைக் கழட்டிக் கீழ வச்சா. அப்புறம் அவன் பையையும் அவளே கழட்டினா.”

“அப்புறம்?”

“அப்புறம் நான் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கிட்டேன்.”

“நீயா? இந்தத் தெருவுல ஒரு சண்டை விடாம வேடிக்கை பார்க்கிற நீயா?”

“ஏன், எனக்குக் கூச்சம் இருக்கக் கூடாதா?” என்றாள். சத்தியமாகச் சொல்கிறேன், என்கார்னா முகம் சிவந்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

8

என்கார்னாவே திரும்பிக்கொண்ட இடத்தில் நான் நின்று பார்த்தால் நன்றாக இருக்காது. நானும் திரும்பிக்கொள்கிறேன்.

நீங்கள் இருங்கள். உங்களை யாரும் நாற்காலி போடவா என்று கேட்கப்போவதில்லை. கண்குளிரப் பாருங்கள், பார்த்ததை என்னிடம் சொல்ல வேண்டாம்.