ஓமும் பாப்பமும்

புதன்கிழமை பின்னேரம் இராசமணி வேலை முடிந்து வந்தபோது வீட்டு முன்புல்லில் ஒரு பலகை நின்றது. நீல நிறம். மாநகரசபைத் தேர்தலில் நிற்கும் நிலாணியின் பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும்.

அவள் யாரிடமும் பலகை கேட்கவில்லை.

எதிர்வீட்டுப் புல்லில் மஞ்சள் பலகை. அதில் செலீனின் பெயர். செலீன் அந்த வீட்டு றோயின் மகள். ஆறு வயதில் அவளை இந்தச் சந்தியில் தெருவைக் கடக்கவிட்டவள் இராசமணி. இன்றைக்கும் அதே வேலைதான். காலையும் பின்னேரமும் ‘ஸ்டொப்’ மட்டையைத் தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை அக்கரை சேர்ப்பது.

அவளுடையது மூலை வீடு, நாலு பக்கமும் தெரியும், செலீனுக்கு ஒரு பலகை வைக்கலாமா என்று செப்டம்பரில் றோய் கேட்டிருந்தார். அவள் சம்மதிக்கவில்லை. எல்லாருடைய பிள்ளைகளும் அவளை நம்பித்தான் தெருவில் இறங்குகிறார்கள். அவள் வாசலில் ஒருவருடைய பெயர் மட்டும் நிற்கக்கூடாது.

றோய் இலை கூட்டிக்கொண்டிருந்தார். இருபது பனிக்காலம் அவளுடைய டிரைவ்வேயிலும் சேர்த்துப் பனி அள்ளியவர். நிமிர்ந்து பலகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கை காட்டவில்லை.

பலகையில் இருந்த நம்பருக்கு அவள் போன் செய்தாள். கால் மணி நேரத்தில் ஓர் இளைஞன் காரில் வந்து இறங்கினான். பெயர் சிவராமன், ஊர் சென்னை, வேலை ஒரு வங்கியில் கம்ப்யூட்டரோடு. நிலாணிக்காகச் சம்பளம் இல்லாமல் அலைகிறான்.

“ஆரைக் கேட்டு வச்சனீங்கள், தம்பி?”

“உங்களைக் கேட்டுத்தான், ஆன்ட்டி. ஞாயித்துக்கிழமை ஃபோன்ல பேசினோமே.”

“நீங்கள் பேசினனீங்கள். நான் கேட்டுக்கொண்டிருந்தனான்.”

“போர்டு வைக்கட்டுமான்னு கேட்டேன். ஓம்னு சொன்னீங்க. மூணு தடவை.” போனைத் திறந்து காட்டினான். அவள் பெயருக்கு எதிரே ஒரு பச்சைச் சரி.

“அது கேக்குது, சொல்லுங்கோ எண்ட ஓம். அடுப்பில மீன் கிடந்தது.”

“அப்ப வேணும்னா என்ன சொல்வீங்க?”

“ஓம் எண்டுதான்.”

சிவராமன் கொஞ்சம் யோசித்தான். “வேண்டாம்னா?”

“பாப்பம் எண்டுவம்.”

“ஐயோ. நேத்து மட்டும் முப்பது வீட்டுல பாப்பம்னாங்க. எல்லாத்தையும் நம்ம பக்கம்னு போட்டு வச்சிருக்கேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“உந்தச் சைன் பலகையைப் பாத்து ஆரும் வோட்டுப் போடுவினமோ?”

“போர்டைப் பாத்து இல்ல, ஆன்ட்டி. அது யார் வீட்டுல நிக்குதுன்னு பாத்து. உங்களைத் தெரியாத அம்மா அப்பா இந்த ஏரியாவுல யாரு இருக்கா?”

“அதுதான் தம்பி வேண்டாம். கழட்டுங்கோ.”

அவன் பிடுங்கினான். புல்லில் இரண்டு சிறிய துளைகள். சப்பாத்தால் மிதித்து மூடினான்.

“சரி, வோட்டாவது போடுவீங்களா?”

“பாப்பம்.”

அவன் போனை எடுத்து எதையோ அழித்தான். காரில் ஏறிப் போனான்.

அவள் உள்ளே போகவில்லை. தான் சொன்ன சொல்லோடு அங்கேயே நின்றாள். செப்டம்பரில் றோயிடம் சொன்னதும் இதைத்தான். ஆங்கிலத்தில் சொன்னாள். வீ வில் சீ, றோய்.

இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்தாள்.

“எடுத்துவிட்டாயா, மணி?” என்றார் றோய். அவர்கள் பேசுவது ஆங்கிலத்தில். அவளுடைய ஆங்கிலம் கொஞ்சம். அவருக்கு அது போதும்.

“அது தவறாக வந்தது.”

அவர் கராஜுக்குள் போய் ஒரு மஞ்சள் பலகையைக் கொண்டுவந்தார். மூலையில் ஒட்டுநாடா. அதில் பேனையால் அவளுடைய வீட்டு இலக்கம்.

“உனக்கென்று எடுத்து வைத்தது. பார்க்கலாம் என்றாய். காத்துக்கொண்டிருந்தேன்.”

அவள் தன் வீட்டு இலக்கத்தைப் பார்த்தாள்.

“நோ, றோய்.”

அந்தச் சொல்லை அவள் அவரிடம் இப்படி நேராகச் சொன்னதில்லை.

“செலீனை எனக்குப் பிடிக்கும். ஆனால் என் புல்லில் யாருடைய பெயரும் இல்லை. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். நாங்கள் ‘பார்க்கலாம்’ என்று சொன்னால், இல்லை என்று அர்த்தம்.”

றோய் பலகையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்தது. மறுபடி சாய்த்தார்.

“அப்படியென்றால் தாங்க்ஸ்கிவிங் விருந்து?”

“என்ன?”

“வருஷா வருஷம் சாப்பிடக் கூப்பிடுகிறேன். பார்க்கலாம் என்கிறாய். நான் உனக்கு ஒரு தட்டு வைக்கிறேன்.”

“ஒவ்வொரு வருஷமுமா?”

“ஒவ்வொரு வருஷமும்.”

ஒரு கார் சந்தியில் நின்று, திரும்பிப் போனது. அவர் விளக்குமாற்றை எடுத்தார். கூட்டவில்லை.

“வருகிற திங்கள்தானே?” என்றாள்.

“ஆமாம்.”

“எத்தனை மணிக்கு?”