ஈரக் கரி

என் வேலை ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்திருப்பது. சிரிக்காதீர்கள். கொரியாவின் யோசு தொழிற்பேட்டையில் ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் நாட்களில், தொட்டிக்குள் ஆள் இறங்கும் இடமெல்லாம் அதன் வாயருகே ஒரு காவல்காரி இருப்பாள். பெரும்பாலும் என்னைப் போல ஐம்பதைத் தாண்டியவள், புருஷனும் அதே ஆலையில் ஏதாவது வேலையில் இருப்பான். யார் உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று அவள் எழுத வேண்டும். உள்ளே இருக்கும் காற்றை மீட்டரால் அளந்து எழுத வேண்டும். உள்ளே ஒருவன் விழுந்துவிட்டால் ரேடியோவில் மீட்புக்குழுவைக் கூப்பிட வேண்டும். அதோடு அவள் வேலை முடிந்தது. மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் பின்னால் இறங்கக் கூடாது, காவல்காரியும் இறங்கக் கூடாது. பயிற்சியில் இதை மட்டும் எங்களை மூன்று தரம் திருப்பிச் சொல்ல வைத்தார்கள்.

அந்த அக்டோபரில் எனக்குக் கிடைத்தது கழிவுநீர்ப் பகுதியில் இருந்த கரித் தொட்டி. ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு உயரம், மேலே ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வட்ட வாய். ஆலையின் கழிவுநீர் இதில் நிரப்பியிருக்கும் கரி வழியாக இறங்கும்போது எண்ணெயும் நாற்றமும் கரியின் நுண்ணிய ஓட்டைகளில் ஒட்டிக்கொள்ளும், நீர் தெளிந்து கீழே போகும். இரண்டு மூன்று வருஷத்தில் ஓட்டையெல்லாம் அடைத்துப் போனதும் பழைய கரியை அள்ளிவிட்டுப் புதிதாகக் கொட்டுவார்கள். முந்தின நாள் தண்ணீரை வடித்துவிட்டார்கள். பாதித் தொட்டிக்கு ஈரக் கரி கிடந்தது. அதை அள்ள வந்த ஐந்து பேரில் இரண்டு பேர் என் வீட்டு ஆட்கள். ஒருவர் என் புருஷன், எங்கள் மகள் தான்பியின் அப்பா. இன்னொருவன் அவருடைய தம்பி மன்ஹோ. கடலுக்குப் போன அப்பா திரும்பாத வருஷம் மன்ஹோவுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அவனுக்கு அண்ணன்தான் எல்லாம். நாற்பத்து நாலு வயதிலும் அண்ணன் எந்த ஷட்டவுனுக்குப் பெயர் கொடுக்கிறாரோ அதற்குத்தான் கொடுப்பான்.

காலையில் நான் ஒழுங்காக அளந்தேன். ஆக்ஸிஜன் இருபது புள்ளி ஒன்பது, வெளியே இருப்பது போலவே. காற்றடிக்கும் இயந்திரம் ஒன்று மஞ்சள் துணிக்குழாய் வழியாக உள்ளே ஊதிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. எல்லோரும் சாப்பிட இறங்கும்போது மேங் மேஸ்திரி தொட்டி வாயில் தார்ப்பாயைப் போட்டு மூடச் சொன்னார். காற்று இயந்திரத்தைப் பக்கத்துத் தொட்டிக்காரர்கள் கேட்டார்கள் என்று கழற்றிக் கொடுத்தும் விட்டார்.

"அது இல்லாம எப்படி மேஸ்திரி?" என்றேன்.

"கரிதானேக்கா. எங்க வீட்ல அரிசிப் பானைக்குள்ளயே கரி போட்டு வச்சிருக்கா எம் பொண்டாட்டி."

தான்பி அப்பா ஒரு படி மேலே போனார். "சுடுகரி அறைல உக்காந்து வேர்வை விட ஊர்ல காசு குடுத்துட்டு வரிசைல நிக்கிறானுங்க. நமக்குச் சும்மா கெடைக்குது, விடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். எங்கள் வீட்டிலும் படுக்கை அறை மூலையில் ஒரு தட்டில் கரி இருக்கிறது. சோயா ஊறும் ஜாடியிலும் ஒரு கரித்துண்டு மிதக்கும். கரி காற்றைச் சுத்தம் செய்யும் என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ஈரக் கரி நின்ற காற்றிலிருந்து ஆக்ஸிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரியாதது போகட்டும். மதியம் மறுபடி அளக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பாட்டுக் கூடத்தில், காகிதக் கோப்பையில் காப்பியைக் கலக்கிக்கொண்டே, படிவத்தில் ஒரு மணிக்கான கட்டத்தில் இருபது புள்ளி ஒன்பது என்று எழுதி வைத்துவிட்டேன். மழையில் நனைந்துகொண்டு அளக்கச் சோம்பல்.

மழை விட்டதும் தான்பி அப்பாவும் நானும் முதலில் மேலே ஏறினோம். அவர் தார்ப்பாயை விலக்கினார். உள்ளே அவருடைய மண்வாரி கிடந்தது. மற்றவர்கள் வருவதற்குள் ஓரத்துக் கரியைச் சரித்து வைக்கிறேன் என்றார். இடுப்பிலும் தோளிலும் வார் மாட்டியிருந்தார், அதில் கோர்க்க வேண்டிய கயிற்றைக் கோர்க்கவில்லை.

"அளந்தியா?"

"அளந்தாச்சு. போங்க."

அப்படித்தான் சொன்னேன். கட்டிய புருஷனிடம்.

கயிற்றேணியில் அவர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நேரத்தை எழுதினேன், ஒன்று பத்து. மண்வாரி இரண்டு தடவை கரியில் இறங்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது சத்தம் வரவில்லை. எட்டிப் பார்த்தால் அவர் முழங்காலில் இருந்தார், எதையோ தேடுகிற மாதிரி. பிறகு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார்.

"தான்பி அப்பா" என்றேன். "ஏங்க. விளையாடாதீங்க."

டார்ச் அடித்தேன். கண் பாதி திறந்திருந்தது. கை விரல்கள் மட்டும் கரியைப் பிராண்டிக்கொண்டிருந்தன. மீட்டரைப் பையிலிருந்து எடுத்து அதன் கயிற்றில் கட்டி உள்ளே விட்டேன். பாதி தூரம் போவதற்குள் அலற ஆரம்பித்தது. இழுத்துப் பார்த்தேன். ஒன்பது. ஒன்பதில் ஒரு மனிதனுக்குச் சில நிமிஷம்தான் என்று பயிற்சியில் சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது.

ரேடியோவில் கத்தினேன். கரித் தொட்டி, ஆள் விழுந்துட்டார், ஆக்ஸிஜன் ஒன்பது. மீட்புக்குழு வடக்கு வாசலில் இருந்தது. ஏழு நிமிஷம் என்றார்கள்.

என் கால் தானாக ஏணிப் பக்கம் போனது. பொய் சொல்ல மாட்டேன், ஒரு காலை உள்ளே விட்டும் விட்டேன். அவர் மூன்று மீட்டர் கீழே கிடக்கிறார், எட்டிப் பிடித்துவிடலாம் போலத் தெரிகிறது. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியுமாம். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் இரண்டு பிணம், மூன்று பிணம் எடுக்கிறார்கள். காலை வெளியே எடுத்தேன். அந்த நேரத்தில் படிக்கட்டில் பூட்ஸ் சத்தம், மன்ஹோ முன்னால், மேங் மேஸ்திரி பின்னால். நான் யோசிக்கவே இல்லை. கயிற்றேணியை மேலே இழுத்து எனக்கு அடியில் சுருட்டிப் போட்டு, தொட்டி வாய்க்குக் குறுக்கே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

மன்ஹோ என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, நகருங்க."

"மாட்டேன்."

"அண்ணன் கெடக்குறாரு அண்ணி."

"பாத்துட்டுத்தான் உக்காந்திருக்கேன். உள்ள காத்து இல்ல. நீ எறங்குனா நீயும் கெடப்பே."

"நான் மூச்சடக்கிட்டுப் போய்த் தூக்கிருவேன். நகருங்கன்னா."

"எண்பது கிலோவை மூச்சடக்கிட்டுத் தூக்குவியா நீ? யார்கிட்ட அளக்குறே?"

அவன் என் தோளைப் பிடித்து இழுத்தான். நான் தொட்டி விளிம்பைக் கட்டிக்கொண்டேன். அவன் என் கையைப் பிரிக்கப் பார்த்தான், நான் அவன் முன்கையைக் கடித்தேன். சட்டையைத் தாண்டி ரத்தம் உப்புக் கரித்தது.

"எங்கண்ணன் சாகணும்னு உக்காந்திருக்கியாடி நீ?"

இருபத்தாறு வருஷத்தில் அவன் என்னை அப்படிப் பேசியதில்லை. மேங் மேஸ்திரி வேறு, "அக்கா, ஒரு ஆள் போய் வாரைப் புடிச்சாப் போதும், நான் கயிறு கட்டி விடுறேன்" என்று ஆரம்பித்தார்.

"காத்து மிஷினைக் கழட்டிக் குடுத்த ஆளு நீங்க. வாயை மூடுங்க" என்றேன். "மன்ஹோ, அண்ணன் பொழைக்கணும்னா போய்க் காத்துக் குழாயை இழுத்துட்டு வா. அந்தத் தூண்ல இருக்கு பாரு. அவர் மூஞ்சிகிட்ட காத்து அடிப்போம். ஓடு."

ஏதோ ஒன்று செய்யக் கிடைத்ததும் அவன் பிடி விட்டது. ஓடினான். நான் குனிந்து பார்த்தேன். விரல் இப்போது அசையவில்லை. நெஞ்சு அசைகிறதா இல்லையா என்று டார்ச் வெளிச்சத்தில் தெரியவில்லை. நான் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தேன். பெயர் சொல்லி, வாடா போடா என்று, கல்யாணத்துக்கு முன்பு கூடத் திட்டாத மாதிரி. நான் நிறுத்தினால் அவர் போய்விடுவார் என்று ஒரு பைத்தியக்காரத்தனம்.

மன்ஹோ குழாயை இழுத்துக்கொண்டு வந்தான். முனையில் உஸ் என்று காற்று சீறியது. அதை அப்படியே உள்ளே விடப் போனான்.

"இரு."

"இன்னும் என்ன அண்ணி?"

அந்தத் தூணில் நான்கு குழாய்கள் உண்டு. தண்ணீர், நீராவி, காற்று, நைட்ரஜன். நிறம் அடித்திருப்பார்கள், பழைய ஆலையில் நிறமெல்லாம் துருவோடு போய்விட்டது. குழாயைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, முகர்ந்தாலும் தெரியாது. நான் மீட்டரை அந்த முனையில் பிடித்தேன்.

"நேரம் போகுது அண்ணி, விடுங்க" என்று அவன் கெஞ்சினான். அழுதுகொண்டிருந்தான்.

இருபது. பதினெட்டு. பதினொன்று. மீட்டர் அலறியது. நான்கு. அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

"இது காத்து இல்ல மன்ஹோ. நைட்ரஜன்."

அவன் கையிலிருந்த குழாயைப் பார்த்தான். உள்ளே மிச்சமிருந்த மூச்சையும் தன் கையாலேயே அடித்துத் துரத்தப் போனவன்.

"நிக்காதே. பக்கத்துக் குழாயை எடு. நான் இங்கயே இருக்கேன்."

இந்தத் தடவை மேங் மேஸ்திரியும் கூட ஓடினார். இரண்டாவது குழாய் வந்தது. மீட்டரைப் பிடித்தேன். இருபது புள்ளி ஒன்பது. ஒரு முறைக்கு மேல் பத்து வரை எண்ணினேன், அப்படியே நின்றது. உள்ளே விட்டோம். முனை ஆடி ஆடிக் கரியைக் கிளப்பியது, அவர் முகத்தைத் தாண்டிப் போனது. மன்ஹோ விளிம்பில் குப்புறப் படுத்துக் குழாயைத் திருகித் திருகி, கடைசியில் முனையை அவர் கன்னத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினான். அப்போதும் என் ஒரு கை அவன் இடுப்பு வாரை இறுகப் பிடித்திருந்தது. அவனுக்கும் அது தெரியும். திமிறவில்லை.

"நெஞ்சு அசையுதா?"

"தெரியல அண்ணி."

"பாத்துச் சொல்லு."

"தெரியலயே."

மீட்புக்குழு வந்தபோது ஒன்று பத்தொன்பது. முதுகில் காற்று உருளை மாட்டிய இருவர் இறங்கினார்கள், மேலே மூன்று கால் கம்பத்தை நிறுத்தி அவருடைய வாரில் கொக்கி போட்டு இழுத்தார்கள். கரி அப்பிய மூட்டை ஒன்று மேலே வந்த மாதிரி இருந்தது. மூக்கில் முகமூடி வைத்தார்கள். கழுத்தில் விரல் வைத்தவன் நிமிர்ந்து, "நாடி இருக்கு" என்றான். மன்ஹோ அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பாதுகாப்பு அதிகாரி என்னிடம் படிவத்தைக் கேட்டார். மதியம் அளந்தீர்களா என்றார். மேங் மேஸ்திரி எனக்குக் கண் ஜாடை காட்டினார். "அளக்கல. சாப்பாட்டுக் கூடத்துல உக்காந்து எழுதினேன்" என்றேன். இனி இந்தத் தொழிற்பேட்டையில் எந்த வாசலிலும் எனக்கு முக்காலி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் அவர் கண் திறக்கவில்லை. மன்ஹோ வெளியே நடைபாதையில், நான் உள்ளே. கேண்டீனிலிருந்து எனக்குக் கஞ்சி கொண்டுவந்து, என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போவான். மூன்றாம் நாள் காலையில் தான்பி அப்பா கண்ணைத் திறந்து என்னை வெகுநேரம் பார்த்தார். பேச்சு குழறியது. முகமூடியை விலக்கச் சொல்லிக் கை காட்டினார், விலக்கினேன்.

எனக்குத் தாங்கவில்லை. அவர் எதையும் கேட்பதற்கு முன்னால் கொட்டிவிட்டேன். "நான் அளக்கல. அளந்தேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார். "பொய் சொன்னா வேற பக்கம் பாப்பே. அன்னிக்கும் பாத்தே. கரிதானேன்னு நாந்தான் எறங்கினேன்."

அடிக்கலாம் போல இருந்தது. அந்த உடம்பில் எங்கே அடிப்பது? கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி?"

"வெளிய இருக்கான். நல்லா இருக்கான்."

அவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது.

"கால் மடங்குனப்ப ஒண்ணுதான் நெனச்சேன்" என்றார், ஒவ்வொரு சொல்லாக. "இவன் பின்னாலயே குதிச்சிருவானே, போச்சே, ரெண்டு பேரும் போச்சேன்னு. அப்புறம் மேல உக்காந்திருக்கிறது நீன்னு ஞாபகம் வந்துச்சு. சரி, அவ இவனை எறங்க விட மாட்டான்னு நெனச்சேன். அதோட எதுவும் தெரியல."

நான் அழுத அழுகையில் நர்ஸ் ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால், என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து, மன்ஹோவும் ஓடி வந்து நின்றான்.