அதிகாரி பார்க்க வரும் நாள்

லேத் பட்டறையில் வேலை பார்க்கும் மகன் அம்மாவின் அக்குள்களில் கை கொடுத்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். பக்கவாதத்தில் அவளுக்கு வலது பக்கம் விழுந்ததிலிருந்து குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் அவன்தான். பட்டறைப் பக்கமே போகவில்லை. இந்த மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"தலைய சீவி விடுடா. ஆபீஸர் வர்றப்ப பைத்தியக்காரி மாதிரியா உக்காந்திருப்பேன்?"

"மாட்டேன். போன தடவ தவள தன் வாயால கெட்ட கதைதான்."

முடியாத முதியவர்களுக்கு வீட்டுக்கே உதவியாளரை அனுப்பும் அரசாங்கத் திட்டத்துக்காகத்தான் அதிகாரி வருகிறார். பள்ளிக்கூடச் சமையலறையை ஒற்றை ஆளாய் ஆண்டவள் அம்மா. போன தடவை அதிகாரி வந்தபோது சலவைத் துணி உடுத்தி, நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கென்ன கேடு? என் வேலைய நானே பாத்துக்குவேன்" என்று அளந்துவிட்டாள். உதவி தேவையில்லை என்று முடிவாயிற்று. மகன் மறுபடி மனுப் போட்டிருந்தான்.

"வந்தவங்க முன்னாடி மூக்கால அழச் சொல்றியா?"

"உள்ளத சொல்லும்மா, போதும்."

அதிகாரி வந்தார். "நீங்களே குளிச்சுக்குவீங்களாம்மா?"

பரட்டைத் தலையோடு அம்மா மகனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முடியாதுங்க. பெத்த புள்ளதான் குளிப்பாட்டுறான். அவன் கண்ண மூடிக்குவான். நானும் மூடிக்குவேன்."

உதவி கிடைத்தது. காலையில் வந்து அவன் திரும்பும்வரை இருந்த உதவியாளரம்மா ஒரு ராட்சசி. குளிப்பாட்டிய கையோடு அம்மாவின் செத்த விரல்களை நீட்டி மடக்குவாள். அம்மா ஏசுவாள், அவளும் விடாமல் திருப்பி ஏசுவாள். மகன் மறுபடி லேத்தின் முன்னால் நின்றான். இரும்புச் சுருள் காலடியில் உதிர உதிர விசிலடித்தான்.

ஒரு சாயங்காலம் அவன் உள்ளே நுழைந்தபோது அம்மா வலது கையால் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். பாதி மடியில் கொட்டியது. மீதியைக் குடித்தே விட்டாள்.

"பாத்தியாடா! யாருகிட்ட?"

"அடி சக்க! அம்மான்னா அம்மாதான்!" அவன் கத்தியே விட்டான். உதவியாளரம்மா கைதட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"வெளிய மூச்சு விட்றாதீங்க பெரியம்மா. ஆபீஸர் திடீர்னு மறுபடி வருவாரு. தேறிட்டீங்கன்னு தெரிஞ்சா என்னை நிறுத்திருவாங்க."

யாரோ கதவைத் தட்டினார்கள். மகன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.

"இருடா" என்றாள் அம்மா. டம்ளரைக் கீழே வைத்தாள். இடது கையால் வலது கையை எடுத்து, உயிரில்லாததைப் போல மடியில் போட்டாள்.

"இப்பத் தொற."